மீன் மோந்த நர்சம்மா

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் இருக்கிற குப்பங்களில் போய் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "மீன் மோந்த நர்சம்மா" என்று கேளுங்கள், கையைப் பிடித்து என் வீட்டு வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் கிராம சுகாதாரச் செவிலியராக ஓடியிருக்கிறேன். எத்தனையோ பிரசவம், எத்தனையோ தடுப்பூசி. அதெல்லாம் யார் ஞாபகத்திலும் நிற்கவில்லை, மீன்தான் நின்றது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது அந்தப் பெயரை விட்டுவிட்டு "சகுந்தலா மேடம்" என்று கூப்பிட்டால்தான் எரிச்சல் வருகிறது.

ஓய்வு பெற்ற செவிலியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "உங்க கொரோனா அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம், ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம்" என்று போன் வந்தது. "தியாகம், சேவை, அதெல்லாம் வரணும்" என்று ஒரு யோசனை வேறு. தியாகமாவது மண்ணாங்கட்டியாவது! நான் வேலை செய்தேன், நன்றாகச் செய்தேன். அதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வேடந்தாங்கல் பக்கம். விவசாயக் குடும்பம். மீன் என்றால் ஏரி மீன்தான் தெரியும். பயிற்சி முடித்துக் கடற்கரைப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் கானாங்கத்தைக்கும் மத்திக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. குப்பத்துப் பெண்கள் சிரித்துச் சிரித்தே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், ஊசி போடவும் பதிவேடு எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலையைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் டாக்டர் சார்.

அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டர் சார் என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் சொல்வதைக் கேட்பார். நடுவில் பேசவே மாட்டார். "ம். அப்புறம்?" அவ்வளவுதான். நாம் எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி வரும். "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" இந்தக் கேள்விக்கு எங்கள் நிலையமே நடுங்கும். ஒரு தடவை ஒரு தெருவில் வாந்தி பேதி. கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதாம் என்று போய்ச் சொன்னேன். கேள்வி வந்தது. "சொன்னாங்க சார்" என்றேன். திட்டவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வெயிலில் திரும்ப நடந்துபோய், வாளியை இறக்கி, தண்ணீரை மொண்டு, கண்ணெதிரே பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கோளாறு கிணற்றில் இல்லை, பக்கத்துக் குழாயில். அன்றிலிருந்து "சொன்னாங்க" என்ற வார்த்தையை அவர் முன்னால் நான் உபயோகித்ததில்லை.

மார்த்தாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். போலந்து நாட்டுக்காரர். மாமல்லபுரத்தில் கல் சிற்பம் கற்றுக்கொள்ள வந்தவர், உளியைப் பிடித்த கை திரும்பிப் போகவில்லை. நான் சொல்லும் குப்பத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு எடுத்துப் பல வருஷமாக இருந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷி, முடி முழுக்க வெள்ளை. தமிழ் பேசுவார், ஆனால் புத்தகத் தமிழ் இல்லை. குப்பத்துப் பெண்களிடம் கற்ற தமிழ். "இன்னா நர்சம்மா, ஷோக்கா கீறியா?" என்று அவர் கேட்டால் வெளியூரிலிருந்து வரும் மேலதிகாரிகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்குத் தினமும் வாசலில் மீன் கொடுப்பவள் அஞ்சலை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்தால் வழியில் நிற்கிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், அப்படி ஒரு நடை. கரையில் ஏலம் நடக்கும்போது மற்றவர்கள் கண்ணையும் செவுளையும் பார்ப்பார்கள். அஞ்சலை ஒரு மீனைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் உடனே வைப்பாள். வாங்கினால் நல்ல மீன், விட்டால் கெட்ட மீன், பேச்சே கிடையாது. அந்தக் குப்பத்தில் பெண்களுக்குள் சண்டை வந்தால் எதை எதையோ சொல்லித் திட்டிக்கொள்வார்கள். ஆனால் "நாத்த மீன் வித்தவ" என்று மட்டும் யாரும் யாரையும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டால் பிறகு பேச்சுவார்த்தையே கிடையாது.

கொரோனா முதல் தடவை வந்தபோது வெள்ளைக்காரர்களைப் பார்த்தாலே ஜனங்கள் ஓடினார்கள். பல வருஷமாக இந்த மண்ணைத் தாண்டிப் போகாத மார்த்தாவையும் விடவில்லை. கடையில் பால் பாக்கெட் கொடுக்க மறுத்தார்கள். நான் தினமும் போய் அவர் வாசலில் நின்று காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டுவேன். தெருவே எட்ட நின்று வேடிக்கை பார்க்கும். "ஒன்னும் இல்ல, இவங்களுக்கு ஒன்னும் இல்ல" என்று வேண்டுமென்றே கத்திச் சொல்வேன். அந்த நாட்களில் அஞ்சலை ஒருத்திதான் மதில் பக்கம் போய், "ஏ மார்த்தா, புடி!" என்று மீனைப் பையில் கட்டி உள்ளே எறிவாள். யாராவது கேட்டால், "அவளுக்கு இன்னா வவுறு இல்லியா? துன்னாம கெடப்பாளா?" என்று பாய்வாள்.

இரண்டாவது அலை எழும்பிய சமயம். ஒருநாள் மார்த்தாவும், அந்தப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த இன்னும் மூன்று நான்கு வெளிநாட்டுக்காரர்களும் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து மரத்தடியில் எட்ட எட்ட நின்றார்கள். என்னவென்று கேட்டால், கவலையாம். இது கிராமத்துக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்யப்போகிறீர்கள்? குப்பத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள், யாரை எங்கே தனியாகப் படுக்க வைப்பீர்கள்? ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, யார் கொண்டுவருவார்கள்? ஆளுக்கொரு கேள்வி. மார்த்தா அதைக் குப்பத்துத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அன்றும் வந்தது. "ஏம்மா, எங்க ஜனங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? காலரா பாத்தோம், சுனாமி பாத்தோம். உங்க நாட்ல எல்லா வசதியும் இருந்தும் என்ன ஆச்சு, டிவில பாக்கலியா?" என்று கேட்டே விட்டேன்.

மார்த்தா முகம் சுருங்கவில்லை. "அத்த பாத்துட்டுதான் நர்சம்மா பயப்புட்றேன். என் தங்கச்சி அங்கதான் போனா. பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் கீது, அப்பயும் போய்ட்டா. இங்க எனக்குன்னு கீறது இந்த ஜனங்கதான். அதான் பேஜாரா கீது."

டாக்டர் சார் கையில் டீயோடு நின்று எல்லோர் கவலையையும் கேட்டார். "ம். அப்புறம்?" என்று எல்லோரையும் பேசவிட்டார். கடைசியில் அந்தக் கேள்வி. "குப்பத்துல யாருக்காவது வந்து நீங்க பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல சார்" என்றார் மார்த்தா.

"அப்ப பாருங்க. நீங்க அங்கயே இருக்கறவங்க. எது வழக்கமா இல்லாம இருந்தாலும் இந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்று என்னைக் காட்டினார். அவர்கள் போன பிறகு நான் முணுமுணுத்தேன். "சார், எனக்கு இருக்கிற வேலை பத்தாதா?" அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குப்பத்தில் காய்ச்சல் இருந்தது. எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போனால் எல்லா வாசலிலும் ஒரே பதில்தான். "ஒன்னியும் இல்ல நர்சம்மா, எல்லாம் ஷோக்கா கீறோம்." உள்ளே யாரோ இருமுவார்கள். "அது மொளகா வறுத்த நெடி" என்பார்கள். ஏன் மறைத்தார்கள் என்றும் எனக்குத் தெரியும். பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் மீன் எடுக்கும் வண்டிகள் வருவதை நிறுத்திவிட்டன. ஏலம் நின்றது, படகுகள் கரையில் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு இங்கே பஞ்சாயத்தார் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். காய்ச்சல்காரர்கள் கபசுரக் குடிநீர் குடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது. குப்பத்தில் பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். என்னைத் திட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை. மோர் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகை வரும்.

அப்படி ஒரு காலையில்தான் மார்த்தா போன் செய்தார். "நர்சம்மா, அஞ்சலை நாத்த மீனு குட்துட்டு போய்ட்டா."

நான் அப்போது இன்னொரு ஊரில் அந்த வெள்ளைக் கவச உடையைப் போட்டுக்கொண்டு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த உடைக்குள் மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். "மார்த்தாம்மா! ஊரே பத்தி எரியுது, நீங்க மீனுக்குக் கம்ப்ளைண்ட் பண்றீங்களா?"

"கம்ப்ளைண்டு இல்ல நர்சம்மா, பயம். இத்தினி வருஷத்துல ஒரு நாளு குட்தவ இல்ல. இன்னா அஞ்சலை இதுன்னு கேட்டேன். அவளும் தூக்கி மோந்து பாத்தா. நல்லாத்தான கீதுன்னு சொல்லிட்டு போறா. அவ பொய் பேசறவ இல்ல."

என் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது. அஞ்சலை மோந்து பார்த்தாளா? பார்த்துவிட்டு நல்ல மீன் என்றாளா?

உடனே டாக்டர் சாருக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன். "ம். அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை சார், அவளுக்கு வாசனை போய்விட்டது, இது அதுதான் என்றேன். "அந்த மீனை நீங்க மோந்தீங்களா?"

"இல்ல சார், மார்த்தாம்மா..."

"ஒரு மீனு, ரெண்டு மூக்கு. எந்த மூக்கு கெட்டுப்போச்சுன்னு தெரியணும்ல? மோந்துட்டுக் கூப்பிடுங்க."

போனேன். மார்த்தா அந்த மீன்களைப் பூனைக்குப் பயந்து ஒரு சட்டியில் போட்டு, மேலே தான் செதுக்கிக்கொண்டிருந்த கல் யானையைத் தூக்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்து, முகக்கவசத்தை இறக்கி, குனிந்தேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏரி மீன் சாப்பிட்டு வளர்ந்த எனக்கே தெரிந்தது, ஐஸில் பல நாள் கிடந்த சரக்கு. கண்ணுக்குப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. விடியாத நேரத்தில் ஏலம் எடுத்த அஞ்சலை, வழக்கம்போல மூக்கை நம்பி வாங்கியிருக்கிறாள். மூக்குதான் அங்கே இல்லை. "சார், மோந்துட்டேன்" என்று போனில் சொன்னேன். "சரி. இனிமே அந்தம்மாவை விடாதீங்க" என்றார்.

மார்த்தாவும் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். அஞ்சலை சாலை முனையில் மற்ற மீன்காரப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூடை பாதி காலி. உதடு கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், ஆனால் அது அவளுக்கே தெரியவில்லை. இந்த நோயின் மோசமான தந்திரம் அதுதான். ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று சாய்வாள். அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் மறுநாள் சேர்க்க ஆள் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

"அஞ்சலை, கையக் குடு."

"எதுக்கு? எனக்கு ஒன்னியும் இல்ல. போ நர்சம்மா, யாவார நேரத்துல."

"உனக்கு வாசனை தெரியுதா?"

அவ்வளவுதான். எழுந்து நின்றுவிட்டாள். "எங்காத்தா வவுத்துலேர்ந்து வரும்போதே மீன் வாடையோட வந்தவ நானு. எனக்கா மூக்கு இல்லன்ற?" சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஏழுமலையும் வந்துவிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. குப்பத்துக்குக் குழாய் வரவைக்க நடையாய் நடந்தவர். என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "நர்சம்மா, உனக்கு கும்புடு போட்றேன், இத்த வுட்டுடு. ஒருத்தருக்குன்னு பேரு வந்துச்சின்னா வண்டி வராது. வண்டி வரலன்னா அத்தினி போட்டும் கரையிலதான். அப்பால நூறு வூட்டுல அடுப்பு எரியாது."

"நாளைக்கு இவ போயிட்டா?"

கூட்டத்தில் ஒரு பெண் மார்த்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இவதான் போட்டுக் குட்தா. வெள்ளக்காரி வேலய காட்டிட்டா." மார்த்தா அங்கேயே நின்றார். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் நகரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தத்தான் போனேன். கத்தியிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். "நீங்க பாத்தீங்களா" என்ற குரல் அந்த நேரத்தில் காதில் கேட்டது. சரி, இவர்களே பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு நல்ல கானாங்கத்தை வாங்கினேன். மார்த்தாவிடமிருந்த நாத்த மீன் ஒன்றை எடுத்தேன். இரண்டையும் கண்ணுக்குத் தெரியாதபடி தனித்தனியாகப் பேப்பரில் சுருட்டி, முனையை மட்டும் திறந்துவிட்டு, அஞ்சலையைத் தள்ளி உட்காரவைத்து அவள் முன்னால் வைத்தேன். மற்ற எல்லோரையும் எட்டிப் போகச் சொன்னேன்.

"மூக்கு இருக்குன்ற இல்ல? எது நல்ல மீனுன்னு சொல்லு. சொல்லிட்டா நான் போயிட்றேன், இந்தப் பக்கமே வரல."

"இத்த கேக்கறதுக்கா இத்தினி கலாட்டா?" முதல் பொட்டலத்தை எடுத்தாள். மோந்தாள். இரண்டாவதை எடுத்தாள். திரும்பவும் முதலாவது. நாத்த மீன் இருந்த பொட்டலத்தை அவள் திருப்பியபோது காற்று கூட்டத்துப் பக்கம் அடித்தது. முகக்கவசத்துக்கு மேலேயே எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏழுமலை துண்டை எடுத்துப் பொத்தினார். அஞ்சலை நிமிர்ந்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒன்னியும் இல்ல நர்சம்மா" என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ரெண்டுலயும் ஒன்னியுமே இல்ல."

நோய் வந்துவிட்டதே என்று அவள் அழவில்லை. "இத்தையா நான் வித்தேன்? ஐயோ, புள்ளைங்க கீற வூடுங்கடி அதெல்லாம்! வுடு, நான் போயி திருப்பி வாங்கியாரணும்" என்று கூடையைத் தூக்கப் போனாள். இரண்டு அடி வைப்பதற்குள் தள்ளாடினாள்.

பிடித்து உட்காரவைத்து விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினேன். கருவி ஒன்றும் காட்டவில்லை. மீன்காரிகள் கை விடிந்ததிலிருந்து ஐஸில்தான் இருக்கும், ரத்தம் ஓடாது. விரல் நுனியில் மருதாணி வேறு. இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் நாளை அது பொய்யென்று ஆகிவிடும். அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்தேன். மருதாணி இல்லாத சுண்டு விரலில் மாட்டினேன். எண் ஆடி ஆடி நிற்கும்வரை காத்திருந்தேன். அடுத்த கையிலும் பார்த்தேன். இரண்டிலும் எண்பத்து நான்கு. நல்ல ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஏழுமலையிடமும் காட்டினேன்.

"மீனு?" என்றாள் அஞ்சலை. அவளுக்கு அந்த எண்ணெல்லாம் தலையில் ஏறவில்லை. "வூட்டு வூட்டுக்கு குட்த மீனு?"

"நான் போறேன்" என்றார் மார்த்தா. முன்னால் வந்து அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டார். "எந்தெந்த வூடு, சொல்லு."

அஞ்சலை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். டெய்லர் வீடு, மாடி வீட்டு டீச்சர், வேப்பமரத்து வீடு. அந்த வெள்ளை முடிக்காரர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், வாசலுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு மீனு வாணாம், கெட்டுப்போச்சி, இதுல போட்டுடு. அஞ்சலைக்கு ஒடம்பு சரியில்ல, அவ மேல தப்பு இல்ல" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித் திருப்பி வாங்கினார். அவரைக் கைநீட்டிப் பேசிய பெண் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "எனக்கும் ரெண்டு நாளா கொழம்பு வாசன தெர்ல நர்சம்மா. அந்தப் பொட்டலத்த எனக்கும் குடு" என்றாள்.

அதன் பிறகு நான் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. மீன்காரப் பெண்கள் அவர்களாகவே வந்தார்கள். எட்ட எட்ட நிற்கவைத்து, ஒருவர் மோந்ததை இன்னொருவர் தொடாதபடி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தேன். தெரிகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். தெரியாதவர்கள் நின்றுவிட்டார்கள். மூக்கில் குச்சி விடுவதற்கு மாசக்கணக்கில் ஒளிந்தவர்கள், நாத்த மீன் விற்றுவிடக்கூடாதே என்பதற்காக வரிசையில் நின்றார்கள். ஏழுமலை கொஞ்ச நேரம் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு கோயிலுக்குப் போய் மைக்கைப் போட்டார். "குப்பத்து ஜனங்களுக்கு சொல்லிக்கிறது இன்னான்னா, காச்சல் கீறவங்க, வாசன தெரியாதவங்க வெளிய வாங்க. நர்சம்மா கீறாங்க. நம்ம குப்பத்துலேர்ந்து கெட்ட மீனு போச்சின்னு பேரு வரக்கூடாது. வண்டிக்காரங்கிட்ட நான் பேசிக்கிறேன்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் அஞ்சலைக்கு இடம் வேண்டுமே. எங்கேயும் படுக்கை கிடைக்காத நேரம் அது. ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. எங்கே போவது என்று தெரியவில்லை. டாக்டர் சார் வண்டி எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போட்டார். ஒருவர் அந்தப் பக்கமிருந்து குடைந்து குடைந்து கேட்டிருப்பார் போல. எண் சரிதானா, கை குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டுமே, நீங்கள் பார்த்தீர்களா என்று. டாக்டர் சார் எங்கள் எல்லோரையும் ஆட்டி வைத்த அந்தக் கேள்வியை இன்னொருவர் அவரிடமே கேட்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் பாக்கல" என்றார். "எங்க நர்சம்மா பாத்தாங்க. அதுக்கு மேல நான் பாக்க வேண்டியது இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு முப்பது வருஷம் வேலை செய்யச் சொன்னாலும் செய்வேன். படுக்கை கிடைத்தது. ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது அஞ்சலை தலையைத் தூக்கி, "எல்லா வூட்டுலயும் வாங்கிட்டாளா?" என்று கேட்டாள். "வாங்கிட்டா, படு" என்று அதட்டினேன்.

அந்த அலையில் குப்பத்தில் ஒருவரை இழந்தோம். ஏழுமலையின் அண்ணன். அவருக்கு முன்னாலேயே முற்றிவிட்டிருந்தது. இன்றும் ஏழுமலையைப் பார்த்தால் எனக்கு அது நெஞ்சில் உறுத்தும். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். வண்டிகள் சில நாள் வரவில்லை. அப்புறம் வந்தன. கெட்ட மீனை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கிய குப்பம் என்று பேச்சு பரவி, வாங்குகிறவர்கள் தேடி வந்தார்கள்.

அஞ்சலை நுரையீரலில் பாதியைத் தொலைத்தவள் மாதிரி மெலிந்து திரும்பி வந்தாள். நடை வந்தது, குரல் வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை. மாசங்கள் போயின, வரவில்லை. "இனிமே நான் கூட தூக்க மாட்டேன் நர்சம்மா" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் காலை கரைப்பக்கம் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏலம் நடக்கிறது. அஞ்சலை ஒரு மீனைத் தூக்குகிறாள், தன் மூக்குக்குப் போகாமல் பக்கத்தில் நின்ற மார்த்தாவின் மூக்குக்குக் கொண்டுபோகிறாள். மார்த்தா மோந்து பார்த்துத் தலையை ஆட்டுகிறார். அடுத்த மீன். "இது?" "வாணாம் வாணாம், நேத்து மீனு." ஏலக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். அவ்வளவு வருஷம் கல்லைச் செதுக்கிய அந்த அம்மாள், அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில் எழுந்து வந்து அஞ்சலைக்கு மூக்காக நின்றார். மழையிலும் நின்றார். பார்க்கும்போதெல்லாம் அன்று மரத்தடியில் அவரிடம் "எங்க ஜனங்க" என்று பிரித்து நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் சுகாதார நிலையத்தில் சால்வை, மாலை, பேச்சு எல்லாம் நடந்தது. டாக்டர் சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார், ஆனாலும் வந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஒருவர் என் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரே சத்தம். அஞ்சலை கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். நேராக மேடையில் ஏறி, பெரிய வவ்வால் மீன் ஒன்றை எடுத்து, சால்வை போர்த்தியிருந்த என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

மோந்தேன். கடல் வாசனை, வேறொன்றும் இல்லை. "நல்ல மீனு" என்றேன். "மார்த்தாம்மா எடுத்தாங்களா?"

"நான் எடுத்தேன்" என்றாள். மாரில் கையால் தட்டிக் காட்டினாள். "நானே மோந்து எடுத்தேன் நர்சம்மா. பத்து நாளா வந்துகினு கீது. யாராண்டயும் சொல்லல. இன்னிக்கு உனக்குன்னு எடுத்தேன்."

நான் மேடையிலேயே அழுதுவிட்டேன். டாக்டர் சார் கீழேயிருந்து, "நீங்களே மோந்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று அஞ்சலையிடம் கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்போதுதான் மார்த்தா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னா மார்த்தாம்மா, அங்கயே நின்னுட்டீங்க?"

"என்ன வேலய வுட்டு தூக்கிட்டா நர்சம்மா" என்றார். "உனக்கும் ரிட்டேர்மெண்டு, எனக்கும் ரிட்டேர்மெண்டு. எனக்கு சால்வ எங்க?"

என் தோளில் கிடந்ததை எடுத்து அவருக்குப் போட்டேன்.